கிழக்குச் சுவர்

வாங்க சார், வாங்க. தலை, தலை! குனிஞ்சு வாங்க. இந்த வாசப்படி யாரா இருந்தாலும் ஒரு தடவை குனிய வெச்சுத்தான் உள்ள விடும். அந்தக் காலத்து ஆளுங்க குள்ளம்னு சொல்லுவாங்க, அதெல்லாம் சும்மா. குளிர் உள்ள வரக்கூடாதுன்னு சின்னதா வெச்சான், அவ்வளவுதான். ஷூவைக் கழட்ட வேண்டாம். கல் தரை, கால் விறைச்சுப் போயிடும்.

உங்க வீட்டம்மா வரலையா? கார்லயே இருக்காங்களா? தலைவலியா... சரி, சரி. காரை அந்தப் பக்கம் ரோட்டுலயே விட்டுட்டீங்களா? அங்க இருந்தா ஒண்ணும் ஆகாது. டிராக்டர் வந்தா ஹாரன் அடிப்பான், நகத்தினாப் போதும்.

நம்ம ஆள் ஒருத்தர் வீடு பாக்க வர்றார்னு தெரிஞ்சதும் ஏஜென்டை வர வேண்டாம்னுட்டேன். நானே காட்டறேன்னேன். அவன் வந்தா பாத்ரூம் எத்தனை, பாய்லர் என்ன வயசுன்னு சொல்லுவான். வீட்டைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? என் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கம். இங்க எல்லாருக்கும் மிஸ்டர் நாயகம். பிரிஸ்டல்ல ஒரு கம்பெனில முப்பது வருஷம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பாலம், கார் பார்க்கிங், ஆஸ்பத்திரி எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன். இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.

நிக்கறீங்களே, இதுதான் ஹால். ஹால்னா நம்ம ஊர் டிவி வைக்கிற ஹால் இல்ல. ஒரு காலத்துல வீடே இந்த ஒரு ரூம்தான். நடுவுல தரையிலயே தீ மூட்டுவான். புகைபோக்கி கிடையாது. புகை கூரை வரைக்கும் போயி, ஓலை இடுக்குல வழி கண்டுபிடிச்சு வெளிய போகணும். மாடிக்குப் போனா காட்டறேன், உத்தரமெல்லாம் இன்னைக்கும் கரி அப்பிக் கருகருன்னு இருக்கும். விரலால தொட்டா ஒட்டும். அறுநூறு வருஷத்துக் கரி சார் அது! அப்புறம் ஒரு இருநூறு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் கொஞ்சம் வசதி வந்ததும் இந்தப் புகைபோக்கியைக் கட்டி, நடுவுல பலகை போட்டு மாடி எடுத்தான்.

மேனர் ஃபார்ம்னு போர்டுல பாத்திருப்பீங்க. மேனர்னா நம்ம ஜமீன் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். ஜமீன்தார் எங்கயோ பெரிய மாளிகைல இருப்பார். இது அவரோட பண்ணை வீடு. குத்தகைக்காரன் குடும்பத்தோட இங்க இருப்பான். வருஷத்துக்கு ரெண்டு தடவை மாடியில பஞ்சாயத்து கூடும். யார் மாடு யார் வயல்ல மேஞ்சுது, எவன் வேலியைத் தள்ளிப் போட்டான், இதுதான் வழக்கு. நம்ம ஊர்ல நடக்கறதுதான், தொப்பி போட்டுக்கிட்டுப் பேசியிருக்கான்.

இங்க பாருங்க, இந்த உத்தரத்துல கோடு கோடா வெட்டியிருக்கே, அது அந்தத் தச்சன் வெச்ச குறி. மரத்தை எங்கயோ வெட்டி, அறுத்து, அங்கயே ஒரு தடவை பொருத்திப் பாத்து, நம்பர் போட்டுப் பிரிச்சு, வண்டியில ஏத்திக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கான். நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு. ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. நான் கம்ப்யூட்டர் வெச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன், ஒரு குறை சொல்ல முடியல.

அடுப்பு மேல அந்த வட்டம் தெரியுதா? ஆறு இதழ் பூ மாதிரி? கவராயத்தால கீறினது. சூனியக்காரி புகைபோக்கி வழியா இறங்கிடக் கூடாதுன்னு போடறது. வடிவு இதைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. "ஏங்க, இது நம்ம கோலம்ல்லா! வெள்ளைக்காரிக்கும் கண்ணேறு பயம் உண்டா?"ன்னா. வடிவுன்னா என் மனைவி. கல்லிடைக்குறிச்சிப் பொண்ணு. இந்த வீட்டுல அவளுக்குப் புடிச்சது இது ஒண்ணுதான்.

அவ இல்ல சார். நாலு வருஷம் ஆகுது. ஜனவரி மாசம், வெளிய ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரில மூணு வாரம், நெஞ்சுல சளி கட்டி... அவ்வளவுதான். ஐஸ்ல வழுக்கறதுக்கு யார் என்ன பண்ண முடியும்?

வாங்க, மாடிக்குப் போவோம். அடுப்பங்கரையைக் கடைசியாக் காட்டறேன். படி பாத்து. நடுவுல பள்ளமா இருக்கும். வேலைக்காரிங்க விடியறதுக்கு முன்ன தண்ணிக் குடத்தோட ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தேஞ்சது. எத்தனை பேரோ. ஜமீன்தார் பேரெல்லாம் சர்ச்சுல கல்லுல இருக்கு. இவங்க பேரு எங்கயும் இல்ல, நான் தேடிப் பாத்தேன்.

இதுதான் அந்தப் பஞ்சாயத்து ரூம். ஜன்னலைப் பாருங்க. நடுவுல கல் தூண், ரெண்டு பக்கமும் ஈயக் கம்பி கட்டின கண்ணாடி. ஒரு கண்ணாடிகூட நான் மாத்தல. ஒண்ணுகூட! இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, இது லிஸ்டட் வீடு. அரசாங்கப் பட்டியல்ல இருக்கறது. வாங்கறதா இருந்தா முதல்லயே தெரிஞ்சுக்கணும் நீங்க. கதவைப் பேக்கணும்னாலும், சுவரை இடிக்கணும்னாலும் கவுன்சில்ல எழுதிக் கேக்கணும்.

நாங்க வந்த முதல் மாசம் சர்ச் ஹால்ல எங்களுக்கு டீ கொடுத்தாங்க. ஊர்ல நாங்க மட்டும்தான் நம்ம நிறம். ஒரு பெரியவர், நல்ல மனுஷன்தான், கேக்கைக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்ச முகமா, "புதுசா வர்றவங்க முதல் வேலையா எதையாவது மாத்திடறாங்க"ன்னார். புதுசா வர்றவங்கன்னா என்னன்னு எனக்குப் புரியாதா? சுருக்குன்னுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன். இந்த வீட்டுல ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டேன். உங்களைவிட நல்லா நான் வெச்சுக் காட்டறேன்னு. காட்டினேன் சார். அதே பெரியவர் பத்து வருஷம் கழிச்சு, "எங்க ஆளுங்களைவிட நாயகம் நல்லா வெச்சிருக்கார்"னு எல்லார் முன்னாடியும் சொன்னார். இப்ப ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். இந்த வீட்டைப் பத்தி சின்னதா ஒரு புத்தகமே போட்டிருக்கேன். போறப்ப ஒண்ணு தர்றேன். அதுல அச்சுல போட்டிருக்கேன், 'கிழக்குச் சுவர், கட்டின நாள் முதல் யார் கையும் படாதது'ன்னு.

அதுதான் வடிவுக்கும் எனக்கும் தகராறு. அந்தக் கிழக்குச் சுவர்.

அடுப்பங்கரை கிழக்குப் பக்கம், மாடி எடுத்தப்ப சேத்துக் கட்டினது. ஜன்னல் கிடையாது. மேக்கால பாத்து ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுலயும் கொல்லை மதில்தான் தெரியும். வந்த முதல் குளிர்காலத்துலயே ஆரம்பிச்சுட்டா. "ஏங்க, பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டு சமைக்க வேண்டியிருக்கு. இந்தச் சுவர்ல ஒரு ஜன்னல் வெச்சா காலைல வெயில் வருமே. ரோடு வேற அந்தப் பக்கம்தான போகுது. ஆள் நடமாட்டமாவது தெரியும்." நான் ஆபீஸ் போயிட்டா சாயங்காலம் ஆறரை வரைக்கும் அவ தனிதான். பொண்ணு காலேஜுக்குப் போயாச்சு. வடிவுக்குக் காரும் ஓட்டத் தெரியாது. பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நான் சொன்னேன், ஏளா, இது நானூறு வருஷத்துச் சுவர், உன் இஷ்டத்துக்கு ஓட்டை போடறதுக்கு இது என்ன பெட்டிக்கடையான்னு.

அவளுக்கு இதுல எல்லாம் ரசனை கிடையாது சார். வெயில் வரணும், ஆள் தெரியணும். அவ்வளவுதான் அவளுக்கு வீடுன்னா.

அப்புறம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டா. சுவர்கிட்ட நின்னு, கடையில தேங்காயைத் தட்டிப் பாப்பாங்கல்ல, அது மாதிரி விரலை மடக்கித் தட்டிக் காட்டினா. இங்க ஒரு தட்டு, அங்க ஒரு தட்டு. "இந்த இடம் மட்டும் சத்தம் வேற மாதிரில்லா இருக்கு. கேளுங்க. உள்ள என்னமோ இருக்கு"ன்னா. நான் காதை வெச்சுக்கூடப் பாக்கல. நான் இருபது வருஷமா கட்டடம் கட்டறவன், நீ தேங்கா வாங்கறவன்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அவ அப்படித்தான், நான் சிரிச்சாச் சிரிச்சுடுவா.

ஆனா விடல. மூணு வருஷம் விடல. கடைசியில கவுன்சில்ல எழுதிக் கேட்டேன். முடியாதுன்னுட்டான். பழைய சுவரைத் தொடக்கூடாதுன்னுட்டான். வடிவு அன்னைக்கு அழுதா. அதுக்கப்புறம் கவுன்சிலைத் திட்டாத நாள் கிடையாது. தங்கச்சிகிட்ட போன்ல பேசினாலும், "இந்தப் பாவிப்பய கவுன்சில் ஒரு ஜன்னல் வைக்க விடமாட்டேங்கான்"னு அதுதான் பேச்சு. எழுதிக் கேட்டுப் பாத்தாச்சு, சட்டம் அப்படி, நான் என்ன பண்ண?

தலை, உத்தரம். ஆமா, அது எல்லாரையும் இடிக்கும். எனக்கே இன்னும் வாரத்துக்கு ஒரு தடவை. வாங்க, கீழ போவோம்.

ஒரு தடவை அந்தக் கவுன்சில் ஆபீசரே வந்தார். இது நாங்க வந்து ஒம்போதாவது வருஷம். புகைபோக்கில ஒரு விரிசல், அதைச் சரி பண்ண அனுமதி கேட்டிருந்தேன். பாக்க வந்தார். வடிவுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, ரெண்டு நாள் முன்னாடியே முறுக்கு சுட ஆரம்பிச்சுட்டா. நல்ல பட்டுச் சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டு, தட்டுல முறுக்கை வெச்சுக்கிட்டு, அவர் பின்னாடியே நடக்கா. அவர் புகைபோக்கியைப் பாத்து முடிச்சதும் அவரை அடுப்பங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, அந்தச் சுவரைக் காட்டி, "சார். ஒன் விண்டோ. ஸ்மால். ப்ளீஸ்"னா.

அவர் புரியாம என்னைப் பாத்தார். நான்...

இருங்க சார். கதவைத் திறக்கறேன். இந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் தூக்கித் தள்ளணும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன். எழுதிக் கேட்டேன்னு சொன்னேன்ல, அது பொய். நான் கேக்கவே இல்ல. விண்ணப்பப் பாரம் வாங்கிட்டு வந்தேன், வாஸ்தவம். மேசையில வெச்சுப் பேனாவைக்கூடத் திறந்தேன். அந்தப் பெரியவர் முகம் கண்ணு முன்னால வந்துச்சு. நாயகமும் மாத்த ஆரம்பிச்சுட்டார்னு சொல்லுவாங்களேன்னு. பாரத்தை அப்படியே எடுத்து மேசைல அடி டிராயர்ல, பழைய படம் எல்லாத்துக்கும் கீழ வெச்சுட்டேன். ஒரு மாசம் கழிச்சு வடிவுகிட்ட முடியாதுன்னுட்டான்னு சொன்னேன். யாருகிட்டயும் இதைச் சொன்னதில்ல. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியாது.

அப்ப அந்த ஆபீசர் நிக்கறார். வடிவு முறுக்குத் தட்டோட நிக்கா. ரெண்டு பேரும் என்னைப் பாக்கறாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜன்னலைத் துடைக்க ஆள் யாராவது தெரியுமான்னு கேக்கறாங்க"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். வாய் கூசாமச் சொன்னேன் சார். அவர் சிரிச்சார். யாரோ ஒருத்தன் பேரைச் சொன்னார். ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சுக்கிட்டே, லவ்லி, லவ்லின்னுட்டுப் போயிட்டார். நான் வடிவுகிட்ட திரும்பி, பாத்தியா, முடியாதுங்கறார்னு சொன்னேன்.

அவ என் முகத்தையே பாத்தா. "சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரே"ன்னா. அவ்வளவுதான். தட்டை எடுத்து உள்ள வெச்சா.

அதுக்கப்புறம் அவ ஜன்னல் பேச்சை எடுக்கல. கவுன்சிலைத் திட்டறதும் நின்னு போச்சு. நான் என்ன நினைச்சேன்? அப்பாடா, பழகிட்டா, பக்குவம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். நிம்மதியா இருந்துச்சு சார் எனக்கு. அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிச்சு ஊர்லேர்ந்து வர்ற மாதக் காலண்டரை வருஷா வருஷம் மாட்டினா. சரியா, அவ தட்டிக் காட்டின இடத்துல. சுண்ணாம்புச் சுவர்ல ஆணி அடிக்கலாமான்னு அதுக்கும் ஒரு சத்தம் போட்டேன். அப்போலேர்ந்துதான் காலைல காபியை ஆத்தி எடுத்துக்கிட்டு வெளிய போயி நிக்க ஆரம்பிச்சா. வீட்டைச் சுத்திப் போயி, அந்தக் கிழக்குச் சுவர்ல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பா. மழையோ, குளிரோ. என் பழைய கோட்டை மாட்டிக்கிட்டு. குளிர்ல எதுக்கு நிக்கே, உள்ள வான்னு கத்துவேன். "வெயிலு வருதுல்லா"ன்னுவா. ரோட்டுல குதிரை ஓட்டிட்டுப் போற பொம்பளைக்குக் கை காட்டுவா. தபால்காரனுக்குக் கை காட்டுவா. ஸ்கூல் வேனுக்குக் கை காட்டுவா.

அங்கதான் வழுக்கி விழுந்தா. காபித் தம்ளர் அப்படியே கையில இருந்துச்சு.

ஐஸ்ல வழுக்கினா யார் என்ன பண்ண முடியும்னு சொன்னேன்ல உங்ககிட்ட. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது.

வாங்க. உள்ள வாங்க. இதுதான் அடுப்பங்கரை.

ஆமா. ஜன்னல்தான்.

உக்காருங்க, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க. சொல்றேன். காரியமெல்லாம் முடிஞ்சு, பொண்ணும் டொரண்டோ போயிட்டா. நான் மட்டும். போன வருஷம்தான் ஒரு நாள் வீட்டைச் சுத்தம் பண்ணலாம்னு ஆரம்பிச்சேன். அந்தக் காலண்டர் அவ விழுந்த ஜனவரியிலேயே நிக்குது. கழட்டினேன். ஆணி மட்டும் இருந்துச்சு. ஆணியைப் பிடுங்கிட்டு ஓட்டையைச் சுண்ணாம்பு வெச்சு அடைச்சுட்டா, சுவர் பழையபடி ஆயிடும்னு நினைச்சேன். அவ இந்த வீட்டுல விட்டுட்டுப் போன ஒரே ஓட்டை அது. அதையும் அடைக்கப் பாத்தேன், பாருங்க என் புத்தியை.

ஆணியை இழுத்தேன். ஆணியோட ஒரு கைப்பிடி காரை வந்துச்சு. அப்புறம் தட்டு அகலத்துக்கு வந்துச்சு. பின்னால சுவர் இல்ல. செதுக்கின கல். இந்தா, இந்தத் தூண், நடுவுல நிக்குதே, இதுதான் முதல்ல தெரிஞ்சுது. கையால தடவிப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. ராத்திரி சாப்பாடு இல்லாம உக்காந்து மெதுவா மெதுவா காரையை எடுத்தேன். ஒரு தூண், ரெண்டாவது தூண், மேல கல் உத்தரம், கீழ கல் படி. மூணு கண் ஜன்னல் சார். முழுசா. இடையில சின்னச் சின்னக் கல்லைப் போட்டு அடைச்சு, மேல பூசிட்டான்.

ஆயிரத்து அறுநூத்தி தொண்ணூத்தாறுல இந்த நாட்டுல ஜன்னலுக்கு வரி போட்டான். எத்தனை ஜன்னலோ அத்தனைக்கு வரி. ஊர் ஊரா ஆளுங்க ஜன்னலை அடைச்சாங்க. எனக்குத் தெரியாதா இது? என் புத்தகத்துலயே எழுதியிருக்கேன், மூணாம் பக்கத்துல. இந்த வீட்டுல அந்த மாதிரி எதுவும் நடக்கலன்னு வேற எழுதியிருக்கேன். எவனோ ஒரு குத்தகைக்காரன் வரிக்குப் பயந்து அவன் பொண்டாட்டி நின்னு சமைக்கிற இடத்து ஜன்னலை அடைச்சிருக்கான். வேற எந்த ஜன்னலும் அவனுக்குத் தோணல பாருங்க. வெளியே காரைப்பூச்சு, அது மேல ஐவி கொடி. நான் இருபது வருஷம் பாத்துக்கிட்டிருந்தேன். இன்ஜினியர்! அவ விரலால தட்டிக் கண்டுபிடிச்சா.

திறக்கணும்னு முடிவு பண்ணினேன். யார் என்ன வேணா சொல்லிக்கட்டும்னு. பாரம் வேணுமே. அந்தப் பழைய பாரம் இருக்கே, எந்த மாதிரின்னு பாப்போம்னு அடி டிராயரைத் திறந்தேன். பதினெட்டு வருஷமாத் திறக்கல. ஒளிச்சு வெச்ச இடத்தை யார் சார் திரும்பத் திறப்பாங்க? படமெல்லாம் மேல. கீழ பாரம். எடுத்தேன்.

எழுதியிருந்துச்சு.

வெறும் பாரமாத்தான் நான் வெச்சேன். அது நிரப்பியிருந்துச்சு. பேரு போடற இடத்துல அவ பேரு, இங்கிலீஷ்ல, ஒவ்வொரு எழுத்தாத் தனித்தனியா. அட்ரஸ் சரியா. என்ன வேலை செய்யப் போறீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 'ஒன் விண்டோ'. எதுக்காகன்னு இன்னொரு பெரிய கட்டம். அதுல இங்கிலீஷ் வரல அவளுக்கு. தமிழ்ல எழுதியிருந்தா. கீழ கையெழுத்து. தேதி.

தேதியைப் பாத்தேன் சார். அந்த ஆபீசர் வந்துட்டுப் போனதுக்கு மறுநாள்.

அவளுக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கு. நான் அவர்கிட்ட என்ன சொன்னேன்னு புரிஞ்சிருக்கு. அவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நாள் பூரா தனியா ரேடியோவைக் கேட்டுக்கிட்டு இருந்தவளுக்கு எப்படி வராமப் போகும்? மறுநாள் நான் ஆபீஸ் போனதும் தேடியிருக்கா. பாரத்தைக் கண்டுபிடிச்சிருக்கா. ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. சண்டை போடல. உக்காந்து நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அதே இடத்துல, அதே படத்துக்குக் கீழ வெச்சுட்டா. நான் எப்பவாவது திறப்பேன்னு. ஒம்போது வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கா சார். காபியை எடுத்துக்கிட்டு வெளிய போறப்ப எல்லாம் இவன் இன்னைக்குத் திறப்பானான்னு நினைச்சிருப்பா. நான் குளிர்ல எதுக்கு நிக்கேன்னு கத்திக்கிட்டிருக்கேன்.

இல்ல, பரவால்ல. தண்ணி வேண்டாம். உக்காருங்க.

நான் புதுசா ஒரு பாரம் நிரப்பினேன். அதோட இதையும் சேத்து அனுப்பிட்டேன். கவுன்சில்லேர்ந்து ஒரு பொண்ணு வந்தா, எம் பொண்ணு வயசுதான் இருக்கும். கல்லையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தா. அப்புறம் வடிவோட பாரத்தை எடுத்து, "இந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு? இது எந்த பாஷை?"ன்னு கேட்டா. அதே அடுப்பங்கரை. கிட்டத்தட்ட அதே இடத்துல நான் நிக்கறேன். வடிவு எழுதினது என்னன்னா, 'காலையில் வெயில் வரணும். ரோட்டில் ஆள் போறது தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்.' அவ்வளவுதான். அதை இங்கிலீஷ்ல சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. அன்னைக்குச் சொல்ல வேண்டியதை அன்னைக்கே சொல்லியிருந்தேன்னா...

அந்தப் பொண்ணு பாரத்தை மடிச்சு வெச்சுட்டு, "இது எப்பவோ இருந்த ஜன்னல்தானே, அப்பவே கேட்டிருந்தா அப்பவே விட்டிருப்போமே, ஏன் கேக்கல?"ன்னா. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டா. ஏழு வாரத்துல கடிதம் வந்துச்சு. ஒரே ஒரு பக்கம். அனுமதின்னு. மூணு வருஷம் அவ கெஞ்சினா, ஒம்போது வருஷம் அவ பேசாம இருந்தா, அந்த வேலை ஏழு வாரத்துல முடிஞ்சு போச்சு.

ஊர்ல ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல. அந்தப் பெரியவர் இப்ப தொண்ணூறைத் தாண்டிட்டார், சக்கர நாற்காலில வந்து பாத்தார். "உங்க மனைவிக்கு ரொம்பப் புடிச்சிருக்கும்"னார். இவர் என்ன சொல்லுவாரோன்னுதான் சார் நான் பயந்தேன்.

இப்ப மணி என்ன, ஒம்போதே முக்காலா? பாருங்க, வெயில் சரியா அந்த அடுப்பு மேல விழுது. கேஸைப் பத்த வெச்சுட்டு என்னால அங்க நிக்க முடியறதில்ல. தள்ளி நின்னு காபி போட்டுக்கறேன். ரோட்டுல குதிரைக்காரி தினம் வர்றா. பழக்க தோஷம், சுவர் பக்கம் திரும்பிக் கை தூக்கறா, ஜன்னல்ல என்னைப் பாத்ததும் கையை இறக்கிடறா. எனக்குக் கை காட்ட அவளுக்கு மனசு வரல. எம் பொண்ணு வா வாங்கறா. போயிடலாம்னு இருக்கேன். வெயில் வந்தப்புறம் என்னால இந்த வீட்டுல இருக்க முடியல சார்.

இங்க வாங்க. எழுந்து வாங்க, இப்படி ஜன்னல்கிட்ட. அதோ பாருங்க, உங்க கார். உங்க வீட்டம்மா கண்ணாடியை இறக்கிட்டு இந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டு இருக்காங்க போல. தலைவலிங்கறதெல்லாம் எனக்குத் தெரியாதா. அவங்க வீட்டைப் பாக்க வேண்டாம், நான் எதையும் காட்ட வேண்டாம். நீங்க முதல்ல கையைத் தூக்குங்க.

தூக்குங்க சார். அவங்க பாக்கறப்பவே தூக்குங்க.